மூத்த ஆசிரியர்களும் இலக்கவியல் திறனும்: பயிற்சி எங்கே வழுக்குகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடினால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி எப்படியும் எழுந்துவிடுகிறது. பள்ளிக்கு இணையம் வந்தாயிற்று, சில வகுப்புகளுக்குத் திறன்பலகை வந்தாயிற்று, 2023இல் கல்வி அமைச்சின் இலக்கவியல் கல்விக் கொள்கையும் வந்தாயிற்று. அப்படியிருக்க, முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியர் இன்னும் மணிலா அட்டையும் மார்க்கர் பேனாவுமாக வகுப்புக்குப் போவானேன்?

கூட்டத்தில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 'வயதாகிவிட்டது, இனி என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்' என்பார் ஒருவர். 'இன்னும் இரண்டு பயிலரங்கு வைத்தால் சரியாகிவிடும்' என்பார் இன்னொருவர். முன்னது அநியாயம். பின்னது பலமுறை செய்து பார்த்தும் பெரிதாகப் பலன் தராத வழி. கணினியே ஆகாதவர் என்று அந்த மூத்த ஆசிரியரைச் சொல்லிவிட முடியாது. வெளியூரில் இருக்கும் பேரப்பிள்ளையோடு காணொளியில் பேசுகிறார், வங்கிச் செயலியில் மின்கட்டணம் கட்டுகிறார், தேவாரப் பாடல்களைத் தேடிக் கேட்கிறார். இதற்கெல்லாம் யாரும் அவருக்குப் பயிலரங்கு வைக்கவில்லை. பள்ளி வாசலைத் தாண்டியதும் மட்டும் தயங்குகிறார் என்றால், பள்ளிக்குள் 'இலக்கவியல்' என்ற பெயரில் அவரிடம் வந்து சேர்வது எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று வேலைகள்

'இலக்கவியல் திறன்' என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவதற்குள் தன்மையில் வேறுபட்ட மூன்று வேலைகள் இருக்கின்றன.

1. பதிவு வேலை. மாணவர் வருகையை அமைச்சின் இணையப் பதிவுத் தளமான ஐடிமியில் ஏற்றுவது, வகுப்புசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலையைக் குறிப்பது, நாள் பாடத்திட்டத்தை மின்வடிவில் எழுதி ஒப்புதலுக்கு அனுப்புவது முதலியவை. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டின் எடை கூடியது. அதோடு இந்தப் பதிவுகளின் எடையும் கூடியது.

2. கற்பித்தல் வேலை. ஒரு பாடக்கருத்து பிள்ளைகளுக்கு விளங்குவதற்குப் படம், ஒலி, காணொளி, பயிற்சித்தாள், இணைய வகுப்பறை இவற்றில் எது எப்போது உதவும் என்று தேர்ந்து கையாள்வது.

3. பகுத்துப் பார்க்கும் வேலை. திரையில் வந்த செய்தி உண்மையா, இந்தப் படத்தைப் பகிரலாமா, இந்த இணைப்பை அழுத்தலாமா, இயந்திரம் எழுதித் தந்த பதில் சரியா என்று முடிவு செய்வது.

உலக அளவில் ஆசிரியர்களுக்கென எழுதப்பட்ட திறன் வரையறைகள் இரண்டு பரவலாகப் பேசப்படுகின்றன. யுனெஸ்கோ தன் வரையறையின் மூன்றாம் பதிப்பை 2018இல் வெளியிட்டது. அதில் 18 திறன்கள். ஐரோப்பிய ஆணையத்தின் 2017 வரையறையில் 22 திறன்கள். இரண்டையும் புரட்டினால், எந்தச் செயலியில் எந்தப் பொத்தான் என்பது எங்கும் இல்லை. வளங்களைத் தேர்வது, மதிப்பீட்டுக்குப் பயன்படுத்துவது, பின்தங்கும் மாணவனைக் கைதூக்குவது, மாணவர்களையே பொறுப்பான பயனர்களாக்குவது என்று பெரும்பகுதி மேலே சொன்ன இரண்டாம், மூன்றாம் வேலைகளையே பேசுகிறது.

பள்ளியில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஒரு மூத்த ஆசிரியர் ஒரு வாரத்தில் கணினி முன் உட்காரும் நேரத்தைக் கவனித்தால், பெரும்பகுதி முதல் வேலைக்கே போய்விடும். அதுவும், எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முயலும் இறுதி நாளில், திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி. இப்படிப்பட்டவருக்கு இலக்கவியல் என்றால் எழுத்தர் வேலை என்றுதான் மனத்தில் பதியும். அந்த எண்ணத்தை அவர் கற்பனையில் வளர்த்துக்கொள்ளவில்லை, பட்டறிவில் பெற்றார்.

வந்ததும் போனதும்

தயக்கத்துக்கு இன்னொரு வேர் உண்டு. 1990களின் தொடக்கத்தில் பணிக்கு வந்து, 60 வயதில் ஓய்வுபெறக் காத்திருக்கும் ஓர் ஆசிரியர் இதுவரை எத்தனை 'புதிய காலங்களை' வரவேற்றிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

1. 1990களின் இறுதியில், கணினிவழிக் கற்பித்தலைக் கொண்டுவர வந்த விவேகப் பள்ளித் திட்டம். 1999இல் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் முன்னோட்டம் தொடங்கியது. தோட்டப்புற ஆசிரியர்களுக்கு அது பெரும்பாலும் செய்தித்தாளில் படித்த சங்கதி.

2. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில். அதையொட்டி ஆசிரியர்களுக்கு மடிக்கணினி, படவீழ்த்தி, குறுவட்டுகள். பிறகு கொள்கை திரும்பப் பெறப்பட்டது. குறுவட்டுகள் அலமாரிக்குப் போயின.

3. 2011 முதல் ஒன் பெஸ்தாரிநெட். நாட்டின் ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணையமும், 'ஃபிராக்' என்ற மெய்நிகர் கற்றல் தளமும். அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2019இல் அது முடிவுக்கு வந்தது.

4. 2020 ஜூனில் டெலிமா. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றின் சேவைகளையும் ஒரே கணக்கில் திறக்கும் அமைச்சின் தளம். இன்று பயன்பாட்டில் இருப்பது இதுதான்.

ஃபிராக் தளத்தில் இரவெல்லாம் உட்கார்ந்து பாடங்களை ஏற்றிய ஆசிரியர்களும் இருந்தார்கள். தளம் போனதும் அந்த உழைப்பும் கண்ணில் படாமல் போயிற்று. அப்படிப்பட்டவர் அடுத்த தளத்தின் அறிமுகக் கூட்டத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பிடிவாதம் இல்லை. 'இது எத்தனை ஆண்டுக்கு?' என்ற அவருடைய கேள்விக்குப் பயிற்சி தருபவரிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும். இருக்கக்கூடிய ஒரே நேர்மையான பதில்: தளம் மாறலாம், நீங்கள் தயாரிக்கும் கோப்பு உங்களிடம் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

தோட்டப்புறத்தின் தனிக் கணக்கு

தலைநகரில் போடப்படும் பயிற்சித் திட்டம் தோட்டப்புறத்தில் ஏன் அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று பணித்தது. அதனால்தான் தமிழ்ப்பள்ளிகள் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து விலகி, தோட்ட நிலத்தில் எழுந்தன. சுங்கை சிப்புட்டில், பின்னாளில் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவரான வீ.தி. சம்பந்தன் முயற்சியில் 1954இல் உருவான மகாத்மா காந்தி கலாசாலை போன்ற நகரப் பள்ளியும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும் சின்னப் பள்ளிகளும் வட்டாரத்தில் உண்டு. தொழிலாளர் குடும்பங்கள் நகரத்து வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததால் சின்னப் பள்ளிகள் மேலும் சின்னதாயின.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைந்தால் அமைச்சின் கணக்கில் அது 'குறைந்த மாணவர் பள்ளி'. 30க்கும் குறைந்தால் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்து நடத்தும் நிலை. இதன் விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. மாணவர் குறைந்தாலும் பொறுப்புகள் குறைவதில்லை. பாடநூல், சிற்றுண்டி, விளையாட்டு, நூலகம், கட்டொழுங்கு என்று பெரிய பள்ளியில் முப்பது பேர் பங்கிட்டுக்கொள்வதை இங்கே எட்டுப் பேர் சுமக்கிறார்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஓர் இணையப் பதிவு.

2. அந்த எட்டுப் பேரில் கணினி நன்றாகத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோ. பெரும்பாலும் வயதில் இளையவர். பள்ளியின் எல்லாக் கணினி வேலையும் அவர் மேசைக்கே போய்ச் சேர்கிறது.

3. மூத்தவர் தன் கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதி இளையவரிடம் கொடுத்துவிடுகிறார். மாதக் கடைசியில் இளையவர் மூன்று நான்கு பேருடைய கணக்குக்குள் நுழைந்து விவரங்களை நிரப்புகிறார்.

மூன்றாவதைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. 'அனுசரித்துப் போவது' என்று அதற்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் உண்மையான சேதம் அங்கேதான். ஒரு பிள்ளையின் அடைவுநிலை தவறாகப் பதிவானால் பொறுப்பு யாருடைய பெயரில் இருக்கும்? கையொப்பம் மூத்தவருடையது, கை இளையவருடையது. இன்னொன்று: வேலை முடிந்துவிடுவதால், மூத்தவருக்கு அது தெரியாது என்பதே பதிவுகளில் தெரியாமல் போகிறது. மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அட்டவணையில் பள்ளி பச்சை நிறத்தில் இருக்கும்.

இணையத்தின் நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, தோட்டப்புற வீடுகளில் பல இடங்களில் இருந்தது அப்பாவின் கைப்பேசி ஒன்றுதான். அவர் வேலை முடிந்து வந்த பிறகே மூன்று பிள்ளைகளும் முறைவைத்துப் பாடம் பார்த்தார்கள். அப்போது நேரலை வகுப்பைவிட, வாட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பிய ஒலிப்பதிவும், பள்ளி வாசலில் வைத்துக் கொடுத்த அச்சுத் தாள்களுமே அதிகம் கைகொடுத்தன. அந்த ஒலிப்பதிவுகளைத் தெளிவாக, நிறுத்தி, பிள்ளையின் பெயர் சொல்லிப் பேசி அனுப்பியவர்களில் மூத்த ஆசிரியர்கள் குறைவில்லை. அதுவும் இலக்கவியல் கற்பித்தல்தான். யாரும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை, அவ்வளவே. 2021 முடிவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு 4ஜி பரவலானபின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் செம்பனைக் காட்டுக்குள் அலைவரிசை இன்னும் இடத்துக்கு இடம் மாறும்.

பென்டிரைவில் பூட்டிக்கிடக்கும் சொத்து

மூத்த ஆசிரியருக்கான பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், அவருடைய பழைய பென்டிரைவிலிருந்து என்பேன். அதற்குள் இருபது ஆண்டுப் பயிற்சித்தாள்கள், மாதிரித் தேர்வுகள், கதைகள், செய்யுள் விளக்கங்கள் இருக்கும். புதிய மடிக்கணினியில் திறந்தால் பாதிக் கோப்புகள் கோணல் மாணலான குறிகளாக வந்து நிற்கும். 'எல்லாம் கெட்டுப்போய்விட்டது' என்று அவர் பென்டிரைவைக் கழற்றிவிடுவார். எதுவும் கெடவில்லை. நடந்தது இதுதான்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்ற அட்டவணையைத்தான் குறியாக்கம் என்கிறோம். தமிழுக்கு யூனிகோடில் 1991 முதலே தனி எண்கள் உண்டு. ஆனால் அது பள்ளிக் கணினிகளுக்கு இயல்பாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை தஸ்கி போன்ற குறியாக்கங்களையும் அவரவர் எழுத்துருக்களையும் பயன்படுத்தினார்கள். அவை ஐரோப்பிய எழுத்துகளுக்கென ஒதுக்கிய எண்களில் தமிழ் உருவங்களை அமர்த்தின. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ் தெரியும். இல்லாவிட்டால் அடியில் இருக்கும் ஐரோப்பியக் குறிகள் வெளியே வந்துவிடும். தஸ்கியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் நான்கு உருக்களாக நிற்கும்: முக்கால் என்ற பின்னக்குறி, தலையில் கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்து, அமெரிக்கக் காசுக்குறி, மீண்டும் தலையில் கோடு போட்ட ஓர் எழுத்து. இந்த நான்கையும் பார்த்தவுடன் 'இது தஸ்கி' என்று கண்டுபிடித்துவிடலாம்.

எழுத்துகளின் வரிசையிலும் வேறுபாடு உண்டு. தஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். 'தெ' என்பதில் கொம்பு முதலில், த பிறகு. யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும். த முதலில், கொம்பு பிறகு. ஆகவே எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது; மாற்றிக் கருவியில் கொடுத்து உரையையே மாற்ற வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. பழைய உரையை நகலெடுத்து ஒட்டி, குறியாக்கத்தின் பெயரைத் தேர்ந்து, மாற்றிய உரையை மீண்டும் ஒட்டினால் வேலை முடிந்தது. பழைய எழுத்துருவும் இல்லாமல், அச்சுத் தாள் மட்டும் கையில் இருந்தால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் அச்செழுத்தைப் பெருமளவு படித்துத் தரும். ற, ர குழப்பம் போன்ற பிழைகளை உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். கையெழுத்து என்றால் அவ்வளவு நம்ப முடியாது.

இதை முதல் பாடமாக வைப்பதில் பல நன்மைகள் ஒன்றாகச் சேர்கின்றன. கோப்பைத் திறப்பது, நகலெடுப்பது, ஒட்டுவது, பெயரிட்டுச் சேமிப்பது, டிரைவில் ஏற்றுவது, பகிர்வது என்று அடிப்படை வேலை எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும். வேலையின் முடிவில் கையில் மிஞ்சுவது அவருடைய சொந்தப் பொருள். பூக்கள் படம் போட்ட மாதிரிப் படவில்லைக்காட்சியைச் செய்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடும் பயிலரங்கோடு இதை ஒப்பிடவே முடியாது. மேலும், அறையில் இருக்கும் இளையவர்களுக்கு அந்தத் தாள்கள் தேவைப்படுகின்றன. 2006ஆம் ஆண்டுப் பயிற்சித்தாளில் இருக்கும் ஒரு கேள்வி, பாடத்திட்டம் மாறினாலும் இன்றும் நல்ல கேள்வியாகவே இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் கொடுப்பவராகவும் ஆகிவிடுகிறார்.

தட்டச்சைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியத் தமிழாசிரியர்களுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை 1980களிலேயே இந்த நாட்டில்தான் உருவாக்கினார்; 2005இல் செல்லினம் என்ற செயலி வழியாகத் தமிழ் கைப்பேசிக்கும் வந்தது. மூத்தவர் பழகிய விசைமுகம் எதுவோ அதையே அவர் வைத்துக்கொள்ளட்டும். அஞ்சல் முறையில் தட்டுபவரைத் தமிழ்99க்கு மாறச் சொல்லித் தொடக்கத்திலேயே வதைப்பது வேண்டாத வேலை. தட்டுவதே சிரமம் என்றால் குரல் தட்டச்சு இருக்கிறது. கூகுள் ஆவணத்தின் மொழிப் பட்டியலில் தமிழுக்கு மலேசியாவும் தனியாக இடம்பெற்றிருக்கிறது. முப்பது ஆண்டு வகுப்பெடுத்த குரலுக்கு இயந்திரம் நன்றாகவே பணியும். நிறுத்தக்குறிகளை மட்டும் கையால் போட வேண்டும்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும்?

1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். பாடம் தெரிவது வேறு. அந்தப் பாடத்தைப் பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் புரியும், எங்கே தடுமாறும் என்று தெரிவது வேறு. இந்த இரண்டாவது அறிவு வகுப்பறையில் ஆண்டுக்கணக்கில் நின்றால்தான் வரும். 2006இல் மிஷ்ரா, கோலர் இருவரும் அதோடு தொழில்நுட்ப அறிவையும் இணைத்து, மூன்றும் சேருமிடமே ஆசிரியருக்கு வேண்டியது என்றார்கள். நம் பள்ளி நிலையில் இதன் பொருள் எளிது. இளையவரிடம் ஒன்று இருக்கிறது. மூத்தவரிடம் இரண்டு இருக்கின்றன. பயிற்சி அரங்கில் மட்டும் மூத்தவர் ஒன்றுமில்லாதவராக உட்கார வைக்கப்படுகிறார். இதை மாற்றும் வழிகள்:

1. கருவியிலிருந்து தொடங்காமல் பாடத்திலிருந்து தொடங்குதல். 'இன்று கான்வா என்ற வடிவமைப்புச் செயலியைக் கற்போம்' என்று ஆரம்பிப்பதற்குப் பதில், 'உங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகள் விழும் இடம் எது?' என்று கேட்க வேண்டும். தமிழாசிரியர் தயங்காமல் சொல்வார்: ல, ழ, ள உச்சரிப்பு. அதற்கு வேண்டிய கருவி கைப்பேசியிலேயே இருக்கும் ஒலிப்பதிவுச் செயலி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒரு பத்தியை வாசிக்கப் பதிவு செய்து, அதை அந்தப் பிள்ளையே கேட்கும்படி செய்யலாம். 'பழம்' என்பது தன் வாயில் 'பலம்' ஆவதை முதன்முறையாகக் காதால் கேட்ட பிள்ளை, ஆசிரியர் சொல்லுமுன் தானே திருத்திச் சொல்லிப் பார்க்கும். சில மாதம் கழித்து அதே பத்தியை மீண்டும் பதிவு செய்தால் இரண்டு பதிவும் சேர்ந்து அடைவுநிலைக்குச் சான்றாகும். இணையம் தேவையில்லை. கணக்குத் திறக்க வேண்டியதில்லை.

2. துணை இருப்பவர் கை வைக்காமல் இருத்தல். 'கொடுங்கள் டீச்சர், நானே செய்துவிடுகிறேன்' என்ற ஒரு வாக்கியம் பத்துப் பயிலரங்குகளைப் பாழாக்கும். மரியாதையில்தான் சொல்கிறார், அவசரத்திலும் சொல்கிறார். ஆனால் சுட்டி கைமாறிய கணத்தில் கற்றல் நின்றுவிடுகிறது. இளையவர் பக்கத்தில் உட்காரலாம், வழி சொல்லலாம். விசைப்பலகையைத் தொடக் கூடாது. அதே நேரத்தில் மூத்தவர் இளையவரின் வகுப்பைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கற்றுக்கொண்டே இருந்தால் அந்த உறவு நெடுநாள் நிற்காது.

3. பருவத்துக்கு ஒரு கருவி. அரை நாளில் ஏழு செயலிகளை அறிமுகப்படுத்தும் பணிக்காலப் பயிற்சியைவிட, ஒரே ஒரு கருவியைப் பல வாரம் வகுப்பில் கையாள்வது மேல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

4. சொந்தக் கருவியில், தமிழில். பயிற்சி மையத்தின் கணினியில் கற்றது வீட்டுக் கைப்பேசியில் வேறு மாதிரித் தெரியும். விளக்கக் குறிப்பு மலாயிலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே பலர் தலையாட்டிவிடுவார்கள்.

5. கடவுச்சொல்லைத் திரும்பப் பெறுதல். மூத்தவர் தன் வருகைப் பதிவைத் தானே ஏற்றத் தொடங்கும் நாள் அவர் கற்கும் வரிசையில் கடைசியாக வரட்டும். ஆனால் வந்தே ஆக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு: அனுபவத்துக்கு வேலை வரும் இடம்

கேட்டதை நொடியில் எழுதித் தரும் செயலிகள் வந்தபின் நிலைமை சற்றுத் திரும்பியிருக்கிறது. முன்பெல்லாம் கருவியை இயக்கத் தெரிவது கடினம். விளைவைச் சரிபார்ப்பது எளிது. இப்போது கேட்பது எளிது. வந்ததைச் சரிபார்ப்பதே கடினம். தமிழில் இச்செயலிகள் சந்திப்பிழையோடு எழுதும், இல்லாத பழமொழியைப் பழமொழி என்று தரும், குறளுக்குத் தவறான எண் போடும், சில வேளை குறள் போலவே ஒலிக்கும் இரண்டு அடியைத் தானாகக் கட்டிவிடும். 'கற்க கசடற' 391ஆம் குறள் என்பதைப் பார்க்காமல் சொல்லக்கூடியவரும், சீர் தட்டுவதைக் காதால் அறிபவரும் அறையில் இருந்தால் அந்தப் பயிற்சித்தாள் வகுப்புக்குப் போகுமுன் பிடிபடும். இந்தச் சரிபார்ப்பை மூத்த ஆசிரியரின் முறையான பொறுப்பாகவே பள்ளி ஒப்படைக்கலாம்.

மோசடியும் பிள்ளைகளின் படங்களும்

மூன்றாம் வேலையான பகுத்துப் பார்ப்பதைப் பயிலரங்குகள் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஓய்வை நெருங்கும் ஆசிரியருக்கோ இதுதான் அவசரம். பணிக்கொடை கைக்கு வரும் வயதில் இருப்பவர்களை மோசடிக்காரர்கள் விடுவதில்லை. திருமண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் அது அழைப்பிதழ் அல்ல. கைப்பேசிக்குள் நிறுவப்படும் செயலி. அழுத்தி, பணமும் போய்விட்டது என்றால் உடனே வங்கிக்கோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். அந்த மையம் 2022இல் தொடங்கப்பட்டது.

பிள்ளைகளின் படங்களும் அப்படியே. விளையாட்டுப் போட்டியில் எடுத்த படத்தைப் பெயர், வகுப்பு, பள்ளியோடு முகநூலில் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதால், சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று ஆசிரியர் இருந்துவிட முடியாது. பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுவது, பெயரைத் தவிர்ப்பது என்று பள்ளியே ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் என்ன செய்யலாம்

தலைமையாசிரியர் கையில் இருப்பது நேரம். மூத்தவருக்கும் அவருடைய துணைவருக்கும் வாரத்தில் ஒரே பாடவேளையை ஒழித்துக் கொடுத்தால் போதும். பள்ளி முடிந்த பிறகு உட்காருங்கள் என்றால், தோட்டத்திலிருந்து ஈப்போ வரை வண்டியோட்டி வீடு திரும்ப வேண்டியவர் உட்கார மாட்டார். மாவட்டக் கல்வி அலுவலகம் சின்னப் பள்ளிகள் மூன்று நான்கைச் சேர்த்துப் பாடவாரியாகக் குழு அமைக்கலாம். பதிவுகளின் இறுதி நாளைப் பள்ளிகளுக்கிடையே மாற்றி மாற்றி வைக்கலாம். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இன்னொரு திரை வாங்க நிதி திரட்டுமுன், ஏற்கெனவே இருக்கும் திரையை யார் எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரிக்கலாம். பொதுச்சேவையில் 40 வயதிலிருந்தே விருப்ப ஓய்வு பெற வழி இருக்கும் நாட்டில், எட்டுப் பேர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவர் சலித்துப் போய்க் கிளம்பினால் அந்த இடத்தின் வெறுமை உடனே தெரியும்.

ஓய்வுபெறப் போகிறவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. டெலிமா கணக்கு ஆசிரியரின் சொந்தச் சொத்து அல்ல, பணியோடு இணைந்தது. அதன் 'எனது டிரைவ்' பகுதியில் இருக்கும் கோப்புகள் அந்தக் கணக்கைச் சார்ந்தவை. 'பகிர்வு டிரைவ்' பகுதியில் இருப்பவை குழுவைச் சார்ந்தவை, ஒருவர் விலகினாலும் அங்கேயே இருக்கும். ஆகவே கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளியின் பெயரில் ஒரு பகிர்வு டிரைவைத் திறந்து, பாடவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் கோப்புறை போட்டு, யூனிகோடுக்கு மாற்றிய பயிற்சித்தாள்களை அதில் சேர்க்க வேண்டும். தனக்கென ஒரு படி வேண்டுமென்றால் கணக்கு மூடப்படுமுன் தன் சொந்த வன்தட்டில் இறக்கிக்கொள்ளலாம். மாணவர் விவரங்கள் உள்ள கோப்புகளை மட்டும் அந்தப் படியில் சேர்க்கக் கூடாது.